குதித்தவரும் கூடக் குதித்தவரும்

2025 மே 24, சனிக்கிழமை காலை. அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் நாலு நாள் கிடந்தது. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற சாலையோரத்து டீக்கடையில் அன்றைய பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கமாகக் கைமாறிக்கொண்டிருந்தது. உள்தாள் பட்டாளத்தாரிடம் வந்தது. எழுபதைத் தாண்டிய மனிதர். ஊரில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இப்போது ஒருவரும் இல்லை. சின்னவர்களுக்குப் பட்டாளத்துத் தாத்தா, மற்றவர்களுக்குப் பட்டாளத்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு ஒரு செய்தியை வாசித்தார். முடித்ததும் மறுபடி மேலிருந்து வாசித்தார். கையிலிருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

"இதுல செத்துப்போன ஆபீசரைப் பத்தி எழுதியிருக்கான். சரிதான். தண்ணியில விழுந்த பையன் எப்படியிருக்கான்? அதைத்தான் தேடுறேன்" என்றார்.

செய்தி இதுதான். மே 22 அன்று வடக்கு சிக்கிம் மலையில், சிக்கிம் ஸ்கௌட்ஸ் படையின் ரோந்து அணி ஒன்று முன்னணி முகாம் ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வரப்போகிற படைக்குப் பாதை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகிற ரோந்து அது. அணிக்குத் தலைமை லெப்டினன்ட் சஷாங்க் திவாரி. அயோத்தியைச் சேர்ந்தவர், வயது 23. முந்தைய டிசம்பரில்தான் தோளில் நட்சத்திரம் ஏறியிருந்தது. ஆறு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. பகல் 11 மணி வாக்கில் மலை ஓடை ஒன்றின் மேல் போட்டிருந்த மரக்கட்டைப் பாலத்தைக் கடந்தபோது, இளம் அக்னிவீரர் ஒருவருக்குக் கால் தவறியது. ஓடை அவரை இழுத்துக்கொண்டு போனது. திவாரி உடனே குதித்தார். அவருக்குப் பின்னாலேயே நாயக் புகார் கட்டேல் குதித்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து, மூழ்கிக்கொண்டிருந்த பையனை எட்டிப் பிடித்துக் காப்பாற்றினார்கள். ஆனால் திவாரியால் கரை ஏற முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து, 800 மீட்டர் கீழே அவருடைய உடல் கிடைத்தது.

விழுந்தவர் பிழைத்துவிட்டார் என்பது அந்தச் செய்தியிலேயே ஒரு வரியாக இருந்தது. பட்டாளத்தாருக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பையன் என்ன ஆனான், சாப்பிட்டானா, தூங்கினானா என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஏன் என்று கடையில் இருந்தவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவரிடம் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் அவர்கள். இதை எழுதுகிறவனும் அந்தக் கிணற்றில் பழகிய பையன்களில் ஒருவன்தான்.

*

தண்ணீரே இல்லாத இந்தச் சீமையின் பெயரில் ஒரு நீர்ச்சுழி இருக்கிறது. திருச்சுழியின் பழம்பெயர் சுழியல். ஊழிவெள்ளம் பெருகி வந்தபோது சிவன் சூலத்தால் நிலத்தைக் குத்தித் துளையிட்டார், வெள்ளம் சுழித்துக்கொண்டு அதற்குள் இறங்கிப்போனது என்று தலபுராணம் சொல்கிறது. சுந்தரர் பாடிய தலம். சுவாமி திருமேனிநாதர், அம்மன் துணைமாலை. 1879 டிசம்பர் 30 அன்று இந்த ஊரில்தான் வேங்கடராமன் என்ற குழந்தை பிறந்து, பின்னால் ரமண மகரிஷி ஆனது. ஊரை ஒட்டிக் குண்டாறு போகிறது. கவுண்டின்ய நதி என்று புராணப் பெயரும் அதற்கு உண்டு. வருஷத்தில் பெரும்பகுதி அதில் மணல் தெரியும். மணலையும் மறைத்துக்கொண்டு சீமைக்கருவேல் நிற்கும். வெள்ளத்தை மண்ணுக்குள் அனுப்பிய சாமி மிச்சம் கொஞ்சம் வைத்திருக்கலாமே என்று இந்தப் பக்கத்துக் கிழவிகள் வாய்விட்டே கேட்பார்கள்.

அருப்புக்கோட்டையில் தறியும் நூற்பாலையும் உண்டு. அதைத் தாண்டிக் கிழக்கே வந்தால் வானம் பார்த்த பூமி. மழை ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மல்லி எல்லாமே அந்த இரண்டு மாதத்தை நம்பித்தான். 1985-ல் பிரிக்கப்படும்வரை இது ராமநாதபுரம் மாவட்டம். "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்" என்று அதிகாரிகள் மிரட்டினார்களே, அந்தக் காட்டின் ஒரு துண்டு. இங்கே பள்ளிப் படிப்பு முடித்த பையனுக்கு முன்னால் அப்போது இருந்த வழிகள் மில் வேலை, கரிமூட்டம், வெளியூர்க் கடை. இல்லையென்றால் பட்டாளம். பட்டாளத்துக்குப் போனவன் வீட்டில் மாதம் பிறந்தால் மணியார்டர் வரும். 1972-ல் பதினெட்டு வயதில் பட்டாளத்தார் போனதும் அதற்காகத்தான்.

போகும்போது அவருக்கு நீச்சல் தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் ஊர்க் கண்மாய் நிறைந்ததை அவர் கண்ணால் பார்த்தது இரண்டே தடவை. கழுத்தளவு நீர் நின்றால்தானே பழக முடியும்? பட்டாளத்தில் சேர்ந்தபின் பயிற்சிக் குளத்தில் எப்படியோ தத்தளித்து அக்கரை சேர்ந்தார். "நீந்துனேன்னு சொல்ல முடியாது, சாகலைன்னு சொல்லலாம்" என்பார்.

எழுபதுகளின் கடைசியில், வடகிழக்கு மலைப்பக்கம் ஒரு நாள், இடுப்பளவு ஆழமுள்ள காட்டாற்றை அணி கடந்துகொண்டிருந்தது. குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அந்த ஆற்றின் பெயரைக் கேட்டால், "காட்டாத்துக்கெல்லாம் யாருப்பா பேரு வைக்கிறது?" என்று முடித்துவிடுவார். நடு ஆற்றில் காலடிக் கல் உருண்டது. கயிறு கையை விட்டுப் போனது. அடுத்து அவர் நினைவில் இருப்பது சத்தம் மட்டும்தான். தண்ணீருக்குள்ளே கல்லும் கல்லும் மோதுகிற சத்தம். அதைச் சொல்லும்போது இரண்டு கைவிரல் முட்டிகளையும் தட்டிக் காட்டுவார்.

அவரை இழுத்துக் கரை சேர்த்தவர் குட்டநாட்டுக்காரர். கேரளத்தில் கடல்மட்டத்துக்கும் தாழ்வாக வயல் வைத்து உழுகிற சீமை அது. வீட்டு வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் படகு கிடக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறாராம். ரெஜிமென்ட்டில் இவர் அவரை சேட்டன் என்றுதான் கூப்பிட்டார், கடைசிவரைக்கும். மூழ்குகிறவனைத் தலைமுடியைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று கிராமத்தில் சொல்வார்கள். பட்டாளத்தானுக்கு முடி ஏது? இடுப்பில் மாட்டியிருந்த கித்தான் பட்டையைப் பின்பக்கமாகப் பிடித்து, ஆற்றை எதிர்க்காமல் அது போகிற போக்கிலேயே கூடப் போய், வளைவு ஒன்றில் சரித்துக் கரையேற்றினாராம். கரைக்கு வந்ததும் சேட்டன் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. மூச்சு திரும்பியதும் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். "நீந்தத் தெரியாதுன்னு ஏன்டா சொல்லலை?"

அடுத்த ஆறு மாதத்தில், நேரம் கிடைத்தபோதெல்லாம், சேட்டன் அவருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். குட்டநாட்டு நீச்சல் திருச்சுழிச் சீமைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

*

ஓய்வு பெற்று வந்தவர் தன் தோட்டத்துக் கிணற்றைத் தூர்வாரினார். சதுரக் கிணறு, பழைய கமலைக் கிணறு. கமலை போய் பம்புசெட் வந்துவிட்டாலும் பத்தல் கல் அப்படியே கிடந்தது. 1993 கோடையில் ஏழெட்டுப் பையன்கள் அந்தக் கிணற்றின் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சுரைப்புருடை முதுகில் கட்டியிருக்கும். புருடை கிடைக்காதவனுக்கு மூடி இறுக்கிய எண்ணெய்க் கேன். கல்யாண முருங்கைக் கட்டை வைத்திருந்தவன் பெரிய பணக்காரன் மாதிரி நடந்துகொண்டான்.

முதல் நாள் நீச்சலே சொல்லித் தரவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் படியைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கி, மூச்சை விட்டு, எழுந்து மூச்சை வாங்க வேண்டும். நூறு தடவை. "தண்ணிக்குள்ள போனதும் உடம்பு தானா மூச்சை இழுக்கப் பார்க்கும். அதை நிறுத்தப் பழகுங்கடா. கை காலு அடிக்கிறதெல்லாம் அப்புறம்" என்றார்.

அன்றைக்கு அது வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது. ஆனால் குளிர்ந்த நீரில் விழுகிறவர்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்வதும் இதுதான். பனி உருகி வருகிற நீருக்குள் மனித உடல் திடீரென்று போனால், தோல் முழுவதும் ஒரே நேரத்தில் குளிரை உணர்ந்து, நெஞ்சு தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை இழுக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால், இழுப்பது தண்ணீரைத்தான். முதல் ஒரு நிமிடத்தில் மூச்சை வசத்துக்குக் கொண்டுவந்தவருக்கு அடுத்துக் கிடைப்பது ஏறக்குறைய 10 நிமிடம்; அதற்குள் கையும் காலும் சொன்னபடி கேட்பது நின்றுவிடும். பிறகு எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் விரலை மடக்கக்கூட முடியாது. காற்று எடுப்பதைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்பின் சூட்டை எடுத்துக்கொள்ளும். ஓடுகிற நீருக்கு இன்னொரு குணம்: அதன் வேகம் இரண்டு மடங்கானால் ஆளைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். முழங்காலளவுக் காட்டாறு கட்டுமஸ்தான ஆளைச் சாய்ப்பது அதனால்தான். இத்தனைக்கும் மேலே பூட்ஸ், நனைந்த சீருடை, முதுகுச் சுமை. நம் கோடைக் கிணற்றில் நெடுநேரம் முங்குநீச்சல் அடித்துவிட்டு, சிக்கிம் ஓடையைப் பற்றிப் பேசுவது எளிது. அந்த 23 வயதுக்காரர் குதித்தது அப்படிப்பட்ட நீரில்.

சிக்கிமின் நீர் எவ்வளவு கொடியது என்பதற்கு 2023 அக்டோபர் 4 ஒரு சாட்சி. தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, தீஸ்தா நதி நள்ளிரவில் பெருக்கெடுத்து, சுங்தாங்கில் இருந்த நீர்மின் அணையையே அடித்துக்கொண்டு போனது. கீழே முகாமில் இருந்த 23 ராணுவத்தினரைக் காணவில்லை என்ற அறிவிப்பு முதல் நாள் வந்தது. எல்லையைக் காக்கப் போகிறவர்களுக்கு எதிராளியைவிட மலையும் பனியும் ஆறும் வைக்கிற கண்ணிகள் அதிகம் என்பதைச் சமவெளியில் இருக்கிற நாம் அடிக்கடி மறந்துபோகிறோம்.

*

கிணற்றில் இரண்டாம் வாரத்திலிருந்து, ஒருவன் மூழ்குகிற மாதிரி நடிக்க வேண்டும், இன்னொருவன் காப்பாற்ற வேண்டும். எல்லோரும் முகத்துக்கு நேரே போய் மாட்டிக்கொண்டார்கள். மூழ்குகிறவன் கையில் எது அகப்பட்டாலும் அதன் மேல் ஏறி நிற்கத்தான் பார்ப்பான். அப்பனாக இருந்தாலும் கீழே போட்டு மிதிப்பான். அது குற்றமில்லை, உயிரின் இயல்பு. பின்பக்கமாகப் போ, கட்டிப்பிடித்தால் அவனோடு சேர்ந்து முங்கு, கீழே போனதும் பிடியை அவனே விட்டுவிடுவான், அப்போது விலகு என்று சேட்டன் சொல்லிக்கொடுத்ததை இவர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அதைவிட முக்கியமாகச் சொன்னது வேறு. குதிக்காதே. முதலில் துண்டை வீசு. வேட்டியை வீசு. கம்பை நீட்டு. டியூப் கிடந்தால் தள்ளிவிடு. ஒன்றுமே இல்லை, நேரமும் இல்லை, உனக்கு நன்றாக நீந்தவும் தெரியும் என்றால் மட்டும் இறங்கு.

2020 ஆகஸ்ட்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நாலு இளைஞர்கள் மூழ்கினார்கள். துணி துவைத்துவிட்டுக் கிளம்பிய மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து முடிச்சிட்டு வீசினார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். அந்த மாதம் சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. பட்டாளத்தார் அந்தச் செய்தியை ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். "மானத்தைப் பெருசா நெனைக்காம சேலையை வீசுனாங்க பாரு, அதுகளுக்குத்தான்யா மொத சல்யூட்டு." அவருடைய குரல் உடைந்ததை ஊர் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் இத்தனை வலியுறுத்தியதற்கு ஊருக்குள்ளேயே ஒரு காரணம் இருந்தது. தண்ணீர் அரிதாக வருகிற சீமையில் அது வரும்போது பிள்ளைகளுக்குத் திருவிழா. கண்மாய் பெருகிக் கலுங்கில் மறுகால் பாய்கிறது என்றால் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு காலி. ஆனால் அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அந்தக் கண்மாயை வறண்ட தரையாகவே பார்த்தவர்கள். உள்வாயில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட் ஆடிய நினைவில்தான். போன கோடையில் கரம்பை அள்ளிய குழி எத்தனை ஆள் ஆழம் என்று யாருக்குத் தெரியும்? முழங்கால் தண்ணீரில் நடந்து போகிறவன் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பான். மடை திறந்திருந்தால் மடைக்குழி அவனை உள்ளே வாங்கும். தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகை மாதம் பக்கத்துச் சிற்றூரில் அப்படி ஒரு பையன் போனான். அவனை மீட்கக் குதித்த அவன் அண்ணனும் போனான். இருவருக்கும் நீச்சல் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். இந்த எண்ணை வாசிக்கும்போது இதை எழுதுகிறவனுக்கு நினைவு வருவது கண்மாய்க்கரையில் ஜோடியாகக் கிடந்த இரண்டு செருப்புகள். தம்பிதான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியவன். அண்ணனுக்கு அதற்கும் நேரம் இல்லை.

*

அப்படியானால் சஷாங்க் திவாரி செய்தது தவறா? டீக்கடையில் அந்தக் கேள்வி வந்தது. கயிறு வீசியிருக்கலாமே, கீழே ஓடிப்போய் மறித்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

பட்டாளத்தார் கோபப்படவில்லை. கட்டைப் பாலத்துக்குக் கீழே ஓடுகிற ஓடை ஆளை எத்தனை நொடி கண்ணில் காட்டும் என்று திருப்பிக் கேட்டார். அடுத்த பாறை வளைவுக்குப் பின்னால் போய்விட்டால் முடிந்தது. அங்கே கயிற்றை அவிழ்க்க முடியாது, யோசிக்கவும் முடியாது. "யோசிக்காமலா குதிச்சாரு? யோசனையெல்லாம் அகாடமியிலேயே முடிஞ்சு போச்சுய்யா."

அவர் சொன்னதற்கு ஒரு வரலாறு உண்டு. டேராடூன் ராணுவ அகாடமியை 1932 டிசம்பரில் திறந்துவைத்துப் பேசிய பீல்டு மார்ஷல் செட்வுட், அதிகாரியாகப் போகிறவனுக்கு ஒரு வரிசை வைத்தார். நாடு முதலில், அவன் வழிநடத்துகிற ஆட்களின் நலம் அடுத்து, அவனுடைய சொந்த சௌகரியமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில். அங்கே பயில்கிற ஒவ்வொரு இளைஞனும் இன்றைக்கும் அந்த வரிசையைக் கடந்துதான் வெளியே வருகிறான். பணியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகாத ஒருவர், தனக்குக் கீழே இருந்த கடைசி ஆள் தண்ணீரில் விழுந்தபோது, அந்த வரிசையைத் தன் உடம்பால் எழுதிக் காட்டினார். அந்தப் பாலத்தில் தரத்தில் அவர்தான் பெரியவர். "நீ குதி" என்று இன்னொருவருக்குக் கட்டளையிடும் இடத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

2025 சுதந்திர தினத்தையொட்டித் திவாரிக்குக் கீர்த்தி சக்ரா அறிவிக்கப்பட்டது. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு அசோக சக்கரத்துக்கு அடுத்த விருது அது. 1952-ல் அசோக சக்கரம் இரண்டாம் வகுப்பு என்று தொடங்கி, 1967-ல் இந்தப் பெயரைப் பெற்றது. எதிரி இல்லாத இடத்திலும் வீரம் உண்டு என்று அரசுகள் ஒப்புக்கொள்வதற்கு நெடுங்காலம் பிடித்தது. பிரிட்டனின் விக்டோரியா கிராஸ் 1858 முதல் 1881 வரை மட்டுமே அப்படிப்பட்ட செயலுக்குக் கிடைத்தது. பெற்றவர்கள் மொத்தம் ஆறே பேர். அந்த ஆறில் ஐந்து பேர் பெற்றது நம் வங்கக் கடலில், ஒரே நாளில், தண்ணீரிலிருந்து சக வீரர்களை மீட்டதற்காக.

1867 மே 7. அசாம் வேலி என்ற கப்பலிலிருந்து லிட்டில் அந்தமானில் இறங்கிக் காணாமல் போன மாலுமிகளைத் தேடிப் படை அனுப்பப்பட்டிருந்தது. கரையில் இறங்கியவர்கள் பேரலையில் மாட்டிக்கொண்டார்கள். திரும்பி வரப் படகு இல்லை. 24-வது ரெஜிமென்ட்டின் மருத்துவர் கேம்பெல் டக்ளஸும், மர்பி, கூப்பர், பெல், கிரிஃபித்ஸ் என்ற நான்கு சாதாரணச் சிப்பாய்களும் ஒரு சிறு துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு அலைக்குள் போனார்கள். முதல் தடவை கரைக்குப் பக்கத்தில் போகும்போதே படகில் பாதி நீர் நிறைந்துவிட, திரும்பினார்கள். நீரை இறைத்துவிட்டு இரண்டாம் தடவை போய் ஐந்து பேரைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் தடவை போய் மிச்சம் இருந்தவர்களையும். மொத்தம் 17 பேர்.

இந்தக் கதையை ஒருமுறை பட்டாளத்தாரிடம் சொன்னபோது, அவர் அந்த 17 என்ற எண்ணில் நிற்கவில்லை. "மொதத் தடவை படகு நெறஞ்சு திரும்பி வந்தாங்கன்னு சொன்னியே, அப்புறம் ரெண்டாவது தடவை போனாங்கள்ல, அதுதான்" என்றார்.

அதே பேச்சை அன்று டீக்கடையிலும் பேசினார். "மொதல்ல குதிச்ச ஆபீசருக்குத் தண்ணி எப்படியிருக்கும்னு குதிச்சப்புறம்தான் தெரியும். கூடக் குதிச்ச நாயக் இருக்கான்ல, அவன் பார்த்துட்டான். ஒரு ஆளை இழுத்துட்டுப் போச்சு, ரெண்டாவது ஆளையும் இழுக்குது. பார்த்துட்டுத்தான் குதிச்சான். அவன் பேரை இன்னொரு தடவை வாசிங்கப்பா."

வாசித்தார்கள். நாயக் புகார் கட்டேல். இந்தப் பக்கத்து நாக்குக்குப் புதிய பெயர். இரண்டு முறை திருத்திச் சொல்லவைத்தார்.

நாயக் என்பது சிப்பாய்க்கு மேலே இரண்டாவது படி. இந்தச் சீமையிலிருந்து போகிறவர்களில் நிறையப் பேர் எட்டுகிற தரம் அது. அதிகாரிகளின் பெயர் தெருவுக்கும் பள்ளிக்கும் வரும், வரவும் வேண்டும். நாயக்குகளின் பெயர் செய்தியின் மூன்றாவது பத்தியில் வந்து அங்கேயே நின்றுவிடும். இதை எழுதுகிறவனுக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. அந்தப் பையனை ஒருவர் தனியாகக் கரை சேர்க்கவில்லை என்று ராணுவத்தின் அறிக்கையே காட்டுகிறது. இருவருமாகச் சேர்ந்துதான் மீட்டார்கள். சேட்டன் பட்டாளத்தாரை இழுத்துக்கொண்டு வந்த வளைவிலும் இன்னொருவர் கரையிலிருந்து மார்பளவு நீருக்குள் இறங்கி நின்று கை கொடுத்திருக்கிறார். அவர் பெயர் பட்டாளத்தாருக்கு மறந்துவிட்டது. நாற்பத்தைந்து வருஷமாக அதை நினைவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டே இருக்கிறார்.

அவர் தேடிய அந்த இன்னொரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டாற்றில் இருந்து மீண்ட பிறகு பல மாதம் இவருக்குத் தூக்கத்தில் கல்லு மோதுகிற சத்தம் கேட்டிருக்கிறது. சேட்டன் உயிரோடுதான் இருந்தார். அப்படியிருந்தும், அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழித்திருப்பேன் என்ற நினைப்பு விடவில்லையாம். சிக்கிமில் கரையேறிய அந்த அக்னிவீரருக்கு அது வெறும் நினைப்பு இல்லை. "அவன்கிட்ட யாராவது போய் உட்கார்ந்து பேசணும். நீ பொழைக்கணும்னுதான்டா அவரு குதிச்சாரு, நல்லாயிருடான்னு சொல்லணும்" என்றார். சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

சேட்டனுக்கும் இவருக்கும் 2000-த்துக்குப் பிறகும் கடிதப் போக்குவரத்து இருந்தது. இவர் தமிழில் எழுதுவார்; அங்கே யாரோ வாசித்துக் காட்டுவார்கள். அங்கிருந்து மலையாளத்தில் வரும். அருப்புக்கோட்டையில் ஒரு பேக்கரிக்காரர் வாசித்துச் சொல்வார். கடைசியாக வந்தது சேட்டனின் மகன் எழுதியது. அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பேக்கரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை நடந்தே வந்தார்.

*

2025 ஐப்பசியில் மழை கொஞ்சம் முன்பின்னாக வந்தது. ஊர்க் கண்மாயில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பட்டாளத்தார் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப்போய் கட்டைவிரல் பருமனில் நைலான் கயிறு வாங்கிவந்தார். திண்ணையில் உட்கார்ந்து தன் கையால் பாகம் பாகமாக அளந்தார். இருபது பாகம் வந்தது. ஒரு நுனியில் மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைக் கட்டினார், வீசினால் மிதக்கிற மாதிரி. இன்னொரு நுனியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வளையம் போட்டார்.

கண்மாய்க் கரையில், மடைக்குப் பக்கத்து வேப்பமரத்தில் அதைச் சுருட்டி மாட்டிவிட்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வந்தார்கள், இந்தத் தடவை அவர்களில் நாலு பேர் பெண்பிள்ளைகள். தண்ணீருக்குள் யாரையும் விடவில்லை. ஒரு பழைய லாரி டியூபைத் தண்ணீரில் தூக்கி எறிந்து, அதன் மேல் கேன் விழுகிற மாதிரி வீசச் சொன்னார். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்றாவது வீச்சில் டியூபைத் தாண்டிப் போட்டு, மெதுவாக இழுத்து, கேனை டியூபுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை" என்றார்.